ஜப்தி ஜாபிதா

நெல் விலை தரை தட்டிய வருஷம்.
மாயவரம் முன்சீப் கோர்ட்டு அமீனாவான எனக்கு
அந்த ஒரு வருஷத்தில் மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது.

பட்டமங்கலத் தெருவில், செத்துப்போன வக்கீல் வீடு.
ஊஞ்சல் ஒன்று, எழுதினேன்.
அண்டா இரண்டு, ஒன்றில் ஓட்டை.
பீரோ, சாவி இல்லை.
கூடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

சுவரில் பன்னிரண்டு படங்கள்.
கறுப்பு மையில் வெள்ளைக்காரர்கள்.
ஒருத்தன் கடிதத்தைத் தொப்பிக்குள் ஒளிக்கிறான்,
ஒருத்தி மூர்ச்சை போட்டு விழுகிறாள்,
கொண்டை மட்டும் கலையவில்லை.
அடியில் சாய்வெழுத்தில் ஒரு வரி;
பாதியை ராமபாணப் பூச்சி படித்து முடித்திருந்தது.

வெறுமனே 'படம் பன்னிரண்டு' என்றால் முன்சீப் ஒப்ப மாட்டார்.
இன்ன படம், இன்ன அடையாளம், வேண்டும் அவருக்கு.

"இதெல்லாம் என்னம்மா?"

தூணோடு நின்ற அபயாம்பாள் சொன்னாள்:
"லண்டன் நாடகமாம். சீமையிலேர்ந்து கப்பல்ல வந்தது.
கதை சொல்றேன் சொல்றேன்னார்.
இந்தக் கேஸ் முடியட்டும்னார்.
கேஸ் இருக்கு."

பிறகு, யாரும் கேட்காமலே, கிட்டே வந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் இதுக்குக் கீழதான் காய் நறுக்கினேன்.
எனக்குத் தெரிஞ்சத எழுதிக்குங்க.
இந்த மூக்கப் பாருங்க.
ரெண்டாவதுல ராஜா, அஞ்சாவதுல பிச்சைக்காரன்,
ஒம்பதாவதுல செத்துக் கெடக்கான்.
அண்ணன் தம்பின்னு நெனச்சேன், ரொம்ப நாள்.
ஆள் ஒண்ணுதான்.
குடுக்கற கூலிக்கு அன்னன்னிக்கு ஒரு வேஷம்."

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.
வெளியே தண்டோராக்காரன் தோலைத் தட்டிப் பார்த்தான்.
எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள்,
மதில்மேல் கால் தொங்கப்போட்ட பையன்கள்,
காசு கொடுக்காமல் முன்வரிசை.

"நாலாவதை விட்டுட்டீங்களே?"

ஒரு வாசல்.
உள்ளே நுழைய வருகிறவர்களை நிறுத்தக் கை தூக்கிய பெண்.
அந்தக் கை நூறு வருஷமாக இறங்கவில்லை.
வெளியே நாலைந்து ஆண்கள், முன்னால் நிற்பவன் கையில் காகிதம்.
குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கீறி
அவன் முகத்தை மட்டும் இருட்டாக்கியிருந்தான்
செப்புத் தகட்டில் உட்கார்ந்த எவனோ.

"பேப்பரோட நிக்கறவன் யாரு?"

"நீங்க வர்ற வரைக்கும் தெரியல."

எழுதினேன்: நான்கு. ஸ்திரீ ஒருத்தி. வாசல். புருஷன் ஒருவன், அடையாளம் தெரியவில்லை.

டிக்ரிதாரரின் காரியஸ்தர் சடகோப நாயுடு
நகத்தால் ஒவ்வொன்றையும் தட்டி மதிப்புச் சொன்னார்:
"தேக்குச் சட்டம் எட்டணா. கண்ணாடி ஆறணா.
காகிதம் சைபர்."

"சைபர்தானே?"

"சைபர்தான்யா, எழுது."

எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
பிறகு பீரோவுக்கு வராத ஒரு சாவியால்
சட்டத்தின் முதுகில் ஆணிகளை நெம்பத் தொடங்கினேன்.
நாயுடு எழுந்துவிட்டார்.
சைபரை ஜப்தி பண்ணச் சட்டத்தில் இடமில்லை என்றேன்.
அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியவில்லை.

ஜாபிதாவில் அடித்துத் திருத்தினேன்:
கண்ணாடிச் சட்டம் பன்னிரண்டு. காலி.

தாள்களைச் சுருட்டி நீட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் அவர்கள் சின்னவர்களாகத் தெரிந்தார்கள்,
வேஷம் கலைக்க உள்ளே போகிறவர்கள் மாதிரி.
எண்ணிப் பார்த்தாள். பதினொன்றை எடுத்துக்கொண்டாள்.
நாலாவதை என் கையிலேயே வைத்தாள்.

"இது ஒங்களுது."

வண்டி போய்விட்டது. துலாக்கட்டம் வரை நடந்தேன்.
தாளின் ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம்,
விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே வந்தது, ஒரு வாசற்படி போல.

வீட்டில் அதற்கென்று ஆணி அடித்தேன்.
ஆணியில் இப்போது குடை தொங்குகிறது.
தாள் பெட்டியில், சம்மன்களுக்கு அடியில்.

காலையில் வேறு தெரு, வேறு பெயர்.
கதவைத் தட்டுமுன் கொஞ்சம் தள்ளி,
வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறேன்.